கொதித்த வண்டியும் ஒரு சிறு சுவிட்சும்

"வண்டி கொதித்துவிட்டது" என்று மலைப்பாதையில் ஓட்டுநர்கள் சொல்ல நாம் எல்லோருமே கேட்டிருக்கிறோம். பயணிகள் இறங்கிச் சாலையோரம் நிற்பார்கள். ஒருவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் தேடிப் போவார். பார்ப்பவர்களுக்கு அது வேடிக்கை. கடந்த டிசம்பர் விடுமுறையில், அது வேடிக்கையாகத் தோன்றாத ஒரு பிற்பகலை நாங்கள் தோழியர் நால்வர் கண்டோம். அதனால்தான் பத்தாம் வகுப்பு மாணவியர் எழுதும் இந்தப் பக்கத்தில் கோலமும் சமையல் குறிப்பும் இல்லாமல் ரேடியேட்டரும் ரிலேயும் வந்து நிற்கின்றன. பொறுத்தருள்க!

எங்களுள் ஒருத்தியின் தந்தை, சேர்வராயன் மலையில் உள்ள ஒரு காப்பித் தோட்டத்தில் எந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர். நாங்கள் அங்கே சென்றது பழம் சிவந்து பறிக்கும் காலம். ஜீப்பு இறங்க முடியாத சரிவுகளிலிருந்து மூட்டைகளை மேலே கொண்டுவர அந்தத் தோட்டத்தில் ஏ.டி.வி. என்னும் வண்டி ஒன்று உண்டு. பருத்த நான்கு சக்கரங்கள், மோட்டார் சைக்கிளுக்கு உள்ளதுபோல் கைப்பிடி, பின்னால் சிறிய இழுவைப் பெட்டி. இவ்வகை வண்டி அமெரிக்காவில் பரவத் தொடங்கியது 1970இல். அவ்வாண்டு ஹோண்டா கம்பெனி அங்கே விற்ற வண்டிக்குச் சக்கரங்கள் மூன்றே. நான்கு சக்கர வண்டிகள் 1980களில் வந்தன. மூன்று சக்கர வண்டிகள் எளிதில் கவிழ்ந்துவிடுவதால், 1988இல் அந்நாட்டு அரசுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி கம்பெனிகள் அவற்றின் விற்பனையை நிறுத்தின. நம் தோட்டத்து மக்களுக்கு இந்த வரலாறெல்லாம் தேவையில்லை. அவர்கள் வைத்த பெயர் "நாலுசக்கர பைக்கு". அது போதும்.

நாங்கள் போய்ச் சேர்ந்த மறுநாள், பழம் பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் ஈரப் பாறையில் சறுக்கி விழுந்தார். கணுக்கால் உடனே வீங்கிவிட்டது, ஊன்ற முடியவில்லை. ஓட்டுநர் அண்ணன் வண்டியைச் சரிவின் அடிவரை கொண்டுவந்து, பெட்டியில் சாக்குகளைப் பரப்பி அவரை உட்கார வைத்தார். நாங்கள் பின்னால் நடந்தோம். பாதி ஏற்றம் ஏறியிருக்கும். சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த வளைவுக்குள் முன்புறத்திலிருந்து "உஸ்" என்று ஆவி கிளம்பியது. அண்ணன் எஞ்சினை நிறுத்திவிட்டார்.

எங்களுள் ஒருத்தி, நல்லெண்ணத்தோடுதான், தன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்துகொண்டு ரேடியேட்டர் மூடியின்மேல் கை வைக்கப் போனாள். "தொடாதே பாப்பா!" என்று அண்ணன் போட்ட சத்தத்தில் நாங்கள் நால்வரும் பின்வாங்கினோம். ஏறக்குறைய அரைமணி நேரம் அங்கேயே நின்றோம். அந்த அக்கா அழவில்லை. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட அவர் அழுதிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும். பிறகு மருத்துவமனையில் எலும்பில் கீறல் என்று மாவுக்கட்டுப் போட்டு, நடக்கக் கூடாது என்று அனுப்பினார்கள்.

வண்டி ஏன் கொதித்தது? அன்றிரவு எங்கள் பேச்செல்லாம் இதைப் பற்றியே இருந்தது.

எஞ்சினில் எரியும் பெட்ரோலின் ஆற்றல் முழுவதும் சக்கரத்திற்குப் போவதில்லை. பெரும்பகுதி வெப்பமாகிறது. அதில் ஒரு பங்கு புகையோடு வெளியேறும். இன்னொரு பங்கு எஞ்சினைச் சுற்றி ஓடும் நீரில் ஏறும். அந்த நீரை ஆறவைப்பதே ரேடியேட்டரின் வேலை. சூடான காப்பியைத் தம்ளரில் வைத்திருந்தால் நெடுநேரம் ஆறாது. டபராவில் ஊற்றிப் பரப்பினால் உடனே ஆறும். ரேடியேட்டரும் அந்த டபராதான். மெல்லிய குழாய்களில் நீரைப் பரப்பி, குழாய்களுக்கு இடையே மடித்துவைத்த தகடுகளால் காற்றுப் படும் பரப்பை மேலும் பெருக்கியிருக்கிறார்கள். ஆனால் காற்று வேண்டுமே! நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும் காருக்கு எதிர்க்காற்றே போதும். மூட்டையை இழுத்துக்கொண்டு மனிதர் நடக்கும் வேகத்தில் மலையேறும் வண்டிக்கு எதிர்க்காற்று ஏது? எஞ்சினோ அப்போதுதான் மிகக் கடுமையாக உழைக்கிறது. வெப்பம் மிகுதி, காற்றுக் குறைவு. இந்த இடைவெளியை நிரப்பத்தான் ரேடியேட்டருக்குப் பின்னால் மின்விசிறி ஒன்றை வைத்திருக்கிறார்கள். அன்று அந்த விசிறி சுற்றவில்லை.

மூடியைத் தொடக் கூடாது என்றது எதற்காக? எங்கள் மலை ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு. ஆகவே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியில் ஒரு வில் இருக்கிறது. உள்ளே அழுத்தம் குறிப்பிட்ட அளவைத் தாண்டும்வரை அது திறக்காது. பிரஷர் குக்கரின் வெயிட் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அழுத்தத்தால் உள்ளே இருக்கும் நீர் ஏறத்தாழ 120 டிகிரிவரை கொதிக்காமல் நீராகவே இருக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய்விடும். அத்தனை சூடான நீர் ஒரே நொடியில் ஆவியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். எங்கள் தோழியின் கையை அன்று காப்பாற்றியது அண்ணனின் குரல்தான்.

மறுநாள் காலை எங்கள் தோழியின் தந்தை சேலத்திலிருந்து இன்னும் திரும்பவில்லை. ஓட்டுநர் அண்ணன் பொறுக்காமல் தாமே வைத்தியம் பார்த்தார். வீட்டுச் சுவரில் பொருத்தும் ஒரு பழைய சுவிட்சையும் அழைப்பு மணிக்குப் போடும் மெல்லிய ஒயரையும் எடுத்து, பேட்டரியிலிருந்து கைப்பிடிக்கும் கைப்பிடியிலிருந்து விசிறிக்குமாக இழுத்துக் கட்டிவிட்டார். சுவிட்சைப் போட்டதும் விசிறி சுற்றியது! நாங்கள் கைதட்டினோம். பத்து நிமிடத்தில் ரப்பர் கருகும் வாசனை வந்தது. சுவிட்சைத் தொட்டால் சுட்டது.

மதியம் வந்த தந்தை கோபித்துக்கொள்ளவில்லை. "விசிறி நல்லா இருக்குன்னு கண்டுபிடிச்சுக் குடுத்துட்டீங்க, பாதி வேலை மிச்சம்" என்றார். பிறகு எங்களிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்து, "ஓம் விதி படிச்சிருக்கீங்கல்ல? ஏன் சுட்டதுன்னு கணக்குப் போடுங்க கண்ணுகளா" என்றார். மீட்டரை வைத்துப் பார்த்ததில் விசிறி எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் 7 ஆம்பியர். அண்ணன் சுற்றிச் சுற்றிக் கட்டிய ஒயரோ 6 மீட்டர். குறுக்குப் பரப்பு அரைச் சதுர மில்லிமீட்டர்தான். அவ்வளவு செம்புக் கம்பியின் மின்தடை சுமார் 0.2 ஓம். 7ஐ 0.2ஆல் பெருக்கினால் 1.4 வோல்ட். அதாவது 12 வோல்ட்டில் 1.4 வோல்ட் வழியிலேயே செலவாகிவிட்டது. அந்த ஒயர் மட்டும் ஏறத்தாழ 10 வாட் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருந்தது. சுவிட்சின் கதை தனி. அதன்மேல் 6 ஆம்பியர், 240 வோல்ட் என்று எழுதியிருந்தது. நம் வீட்டு மின்சாரம் திசை மாறும் மின்னோட்டம். நொடிக்கு 100 முறை சுழியைத் தொட்டுப் போவதால், சுவிட்சை அணைக்கும்போது எழும் தீப்பொறி தானே அவிந்துவிடும். பேட்டரியின் மின்னோட்டம் நேர் மின்னோட்டம். அதில் பொறி எளிதில் அவியாது, தொடுமுனைகளை அரித்துவிடும். அழைப்பு மணிக்கு உரியதை அழைப்பு மணிக்கே விட்டுவிட வேண்டும்.

அடுத்துத் தானியங்கி ஏன் வேலை செய்யவில்லை என்று பார்த்தோம். ரேடியேட்டரின் கீழ்ப்பகுதியில் திருகியிருக்கும் ஒரு சிறு பித்தளைத் துண்டுதான் அந்தத் தானியங்கி. வெப்பச் சுவிட்ச் என்பார்கள். உள்ளே இரட்டை உலோகத் தகடு இருக்கிறது. சூடானால் ஒரு பக்கமாக வளைந்து மின்சுற்றை மூடும், ஆறினால் திறக்கும். நாங்கள் அதைக் கழற்றி, அதன் நுனியைக் கொதிக்கும் தண்ணீரில் தொங்கவிட்டு மீட்டரை வைத்தோம். சுற்று மூடவில்லை. "கெட்டுவிட்டது!" என்று ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னோம். தந்தை சிரித்துக்கொண்டே அதன் உடலில் பொறித்திருந்த எண்ணைக் காட்டினார்: 98. நம் மலையில் தண்ணீர் 95 டிகிரியில் கொதிக்கிறதே, 98 டிகிரியில் மூட வேண்டியது 95இல் எப்படி மூடும்? முந்தின இரவு நாங்களே பேசியதை மறுநாள் நாங்களே மறந்துவிட்டோம். பிறகு அவர் கடலை எண்ணெயை மெதுவாகச் சூடாக்கி, மீட்டரோடு வரும் வெப்பம் அளக்கும் ஒயரை உள்ளே விட்டுப் பார்த்தார். 100, 105, 110... அப்போதும் மூடவில்லை. இப்போதுதான் அது உண்மையிலேயே கெட்டது என்று சொல்லலாம்.

புதியது வெளியூரிலிருந்து வர வேண்டும்; மூன்று வாரம் ஆகும் என்றார்கள். பறிப்பு மூன்று வாரம் காத்திருக்காது. ஆகவே கையால் இயக்கும் சுவிட்ச் ஒன்றை முறைப்படி வைப்பது என்று முடிவாயிற்று.

இங்கேதான் ரிலே வருகிறது. பெரிய மின்னோட்டத்தைக் கைப்பிடிவரை கொண்டுபோகாமல், சிறிய மின்னோட்டத்தால் பெரியதை ஆளும் கருவி இது. அமெரிக்க அறிவியலார் ஜோசப் ஹென்றி 1830களில் மின்காந்தத்தை வைத்துச் செய்து காட்டிய அதே தத்துவம்தான். தீப்பெட்டியைவிடச் சிறிய பெட்டிக்குள் ஒரு கம்பிச்சுருள். அதில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகி ஓர் இரும்புத் தகட்டை இழுக்கும். தகடு இரண்டு தடித்த முனைகளை இணைக்கும். எங்கள் ரிலேயின் சுருள் 80 ஓம். 12ஐ 80ஆல் வகுத்தால் 0.15 ஆம்பியர். விசிறிக்கு வேண்டிய 7 ஆம்பியரில் இது ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்குதான்! கைப்பிடியில் இருக்கும் சுவிட்ச் இந்தச் சிறு அளவைத் தாங்கினால் போதும். ரிலேயின் அடியில் நான்கு கால்கள், ஒவ்வொன்றிற்கும் ஓர் எண். 30 பேட்டரிக்கு, 87 விசிறிக்கு, 85ம் 86ம் சுருளுக்கு. கார், லாரி எதைத் திறந்தாலும் பெரும்பாலும் இதே எண்கள்தான் என்று தெரிந்தபோது, அந்நிய மொழியில் ஓர் எழுத்தைப் படிக்கக் கற்றதுபோல் இருந்தது.

படம் வரையும் பொறுப்பு எங்களுக்கு. பழைய ஒயர்களை அப்படியே விட்டுவிட்டு, ரிலேயின் 87ஐ விசிறிக்குப் போகும் பழைய ஒயரோடு சேர்த்தோம். வெப்பச் சுவிட்சும் ரிலேயும் பக்க இணைப்பில் இருக்கின்றன. எது மூடினாலும் விசிறி சுற்றும். பாடத்தில் படித்தபடி சரியாகத்தானே இருக்கிறது? தந்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "சாவியை அணைங்க பார்ப்போம்" என்றார். காகிதத்தில் சாவியை அணைத்து, விரலால் மின்சாரத்தின் வழியைத் தொடர்ந்தோம். எஞ்சின் சூடாக இருக்கிறது, வெப்பச் சுவிட்ச் மூடியிருக்கிறது, கைச்சுவிட்சும் போட்டிருக்கிறது. ரிலேயின் 87இலிருந்து வரும் மின்சாரம், மூடியிருக்கும் வெப்பச் சுவிட்ச் வழியாகப் பின்னோக்கிப் போய்ச் சாவியின் ஒயருக்கே வந்து சேர்கிறது! அங்கிருந்து சுருளுக்கும் போகிறது. ரிலே தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறது. சாவியை எடுத்துவிட்டாலும் விசிறி நிற்காது. எஞ்சினுக்கும் அந்த வழியே மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். இதில் மோசம் என்னவென்றால், வெப்பச் சுவிட்ச் கெட்டிருக்கும்வரை இந்தக் கோளாறு தலைகாட்டாது. நல்ல சுவிட்ச் வந்து பொருத்திய பிறகுதான், ஏற்றத்தில் சூடேறிய ஒரு நாளில் தெரியவரும்.

அவர் போட்ட படம் எங்களுடையதைவிட எளிது. விசிறிக்கு மின்சாரம் வருவது ரிலேயின் 87 ஒன்றிலிருந்து மட்டுமே. வெப்பச் சுவிட்சும் கைச்சுவிட்சும் பக்க இணைப்பாகச் சுருளின் 86ஐத் தூண்டுகின்றன; இரண்டிற்கும் மின்சாரம் சாவியின் வழியாகவே வருகிறது. 85 வண்டியின் உடலோடு சேர்கிறது. சாவியை எடுத்தால் எல்லாம் ஓய்ந்துவிடும். வெப்பச் சுவிட்சும் இனி 7 ஆம்பியரைச் சுமக்க வேண்டியதில்லை. "ரிலே கெட்டுப்போனால் இரண்டும் சேர்ந்து போய்விடுமே, அங்கிள்?" என்று ஒருத்தி கேட்டாள். "போகும்தான். அதுக்காகத்தான் இது" என்று இன்னொரு ரிலேயைக் கருவிப் பெட்டியில் போட்டார். கையாலேயே பிடுங்கிச் செருகலாம்.

சுவிட்ச் வாங்கும்போது ஒரு விவாதம் எழுந்தது. ஓட்டுநர் அண்ணன் மூன்று நிலைச் சுவிட்ச் கேட்டார்: தானியங்கி, நிறுத்தம், ஓட்டம். ஓடையைக் கடக்கும்போது விசிறி தண்ணீரை அடித்து இறக்கை உடைந்துவிடாமல் நிறுத்தி வைக்கலாம் என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆழமான நீரில் ஓட்டுபவர்கள் அப்படி வைத்துக்கொள்வதுண்டு. தந்தை மறுத்துவிட்டார். "ஓடையைத் தாண்டினதும் மறுபடி மாத்துறதுக்கு உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்குக் காய்ச்சல்னு வேற ஒருத்தன் ஓட்டுற அன்னிக்கு?" அந்தத் தோட்டத்து ஓடையில் முழங்காலளவு நீர்கூட இல்லை. ஆகவே எங்கள் சுவிட்சுக்கு இரண்டே நிலை. அதனால் விசிறியை ஓட்டத்தான் முடியும். தானியங்கி ஓட்டும் விசிறியை நிறுத்த முடியாது. எங்கள் நால்வருக்கும் இந்த முடிவுதான் பிடித்தது. மறதியில் எங்களை மிஞ்ச ஆளில்லை அன்றோ!

வேலை ஒரு முழுநாள் பிடித்தது. முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டார்கள். பேட்டரியிலிருந்து ரிலேவரை இரண்டரைச் சதுர மில்லிமீட்டர் ஒயர். பேட்டரியை ஒட்டியே 15 ஆம்பியர் ஃபியூஸ். ஏன் ஒட்டியே? ஃபியூஸ் காப்பது தனக்கு அப்பால் உள்ள ஒயரைத்தான். நடுவழியில் வைத்தால், பேட்டரிக்கும் அதற்கும் இடையே தோல் உரிந்து இரும்பில் பட்டால் தீப்பிடிப்பதைத் தடுக்க ஆளில்லை. ஒயரைப் புகைக்குழாயிலிருந்து விலக்கிக் கட்டுவதும், தகட்டுத் துளைகளில் ரப்பர் வளையம் போடுவதும் எங்கள் பங்கு. கைப்பிடியை இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை திருப்பித் திருப்பிப் பார்த்தோம். முதல் தடவை ஒயர் இழுபட்டது. அவிழ்த்து இரண்டு அங்குலம் தளர்த்திக் கட்டினோம். சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பச்சை விளக்கும் வைத்தோம், விசிறிக்கு மின்சாரம் போகிறதென்று காட்ட. நின்றிருக்கும் வண்டியில் சாவியையும் சுவிட்சையும் போட்டபடி மறந்துபோனால் பேட்டரி தீர்ந்துவிடும். சுவிட்சின்மேல் "விசிறி" என்று வெள்ளை எழுத்தில் எழுதியது எங்களுள் ஒருத்தியின் நகப்பூச்சால். பள்ளிக்குக் கொண்டுவரக் கூடாத அந்தப் பொருள் விடுமுறையில் மட்டுமே அவளிடம் இருந்தது என்பதை நம் சிஸ்டர்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும்.

மறைக்காமல் ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறோம். ரேடியேட்டரைக் கழுவியபோது தகடுகளின் இடுக்கிலிருந்து வந்த மண்ணும் சருகும் ஒரு முறம் இருக்கும். விசிறி நன்றாகவே சுற்றினாலும் அந்த மண்ணின் ஊடே காற்று எப்படிப் போகும்? பாதி நோய் அதில்தான். குழாய் நீரை மெதுவாக, பின்புறத்திலிருந்து முன்புறமாக விட்டுக் கழுவ வேண்டும். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும். நீர்மட்டமும் குறைந்திருந்தது. நீர் குறைந்தால் ரேடியேட்டருக்குள் காற்றும் ஆவியும் சேர்ந்து நீரோட்டமே தடைப்படும். வெப்பச் சுவிட்சைச் சூடான நீர் தொடாமல் போனால், நல்ல சுவிட்சாக இருந்தாலும் ஏமாந்துவிடும். இவற்றையெல்லாம் பாராமல் சுவிட்சை மட்டும் வைத்திருந்தால், அது குப்பையை மறைக்கப் பாயை விரித்த கதையாகியிருக்கும்.

விடுமுறை முடிவதற்கு முன்தினம், ஆறு மூட்டைகளோடு அதே ஏற்றத்தில் வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். ஏற்றம் தொடங்குமுன்னே அண்ணன் சுவிட்சைப் போட்டார். சூடேறிய பிறகு ஆற்றுவதைவிடச் சூடேறாமல் பார்ப்பது எளிது என்பதால், வெப்பச் சுவிட்சுக்காகக் காத்திராமல் முன்கூட்டியே விசிறியை ஓட்ட முடிவதே இந்தக் கைச்சுவிட்சின் வசதி. பச்சை விளக்கு எரிந்தது. நாங்கள் பின்னால் ஓடினோம். முன்பு நின்ற வளைவு வந்தது, போயிற்று. சிவப்பு விளக்கு எரியவேயில்லை.

பாதை மேலே லயன் வீடுகளின் ஓரமாகத் திரும்புகிறது. அங்கே ஒரு திண்ணையில் மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். வண்டி அவரைக் கடந்து போகும்வரை பார்த்துவிட்டு, மூச்சிரைத்து வந்து நின்ற எங்களிடம் சொன்னார்: "இன்னிக்கு நிக்கலையே!"